மாவிளைக்கடவு வழியம்பலமும் செல்லபாயும்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகிற பழைய பாதை ஆற்றில் இறங்குகிற இடம் மாவிளைக்கடவு. அங்கே போய் செல்லபாய் வீடு எது என்று கேட்டால், "எந்தச் செல்லபாய்?" என்று திருப்பிக் கேட்பார்கள். சண்டைக்காரி செல்லபாய் என்றால் போதும், சின்னப்பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். அப்படி யாரோடு சண்டை பிடித்தாள்? மாமியாரோடு இல்லை, பக்கத்து வீட்டோடும் இல்லை. நெய்யாற்றோடு பிடித்தாள். அதற்குத் துணையாக சர்க்காரை இழுத்தாள். சர்க்காரே வேண்டாம் என்று கொடி பிடித்த சொந்தப் புருஷனோடும் மல்லுக்கு நின்றாள். அடேயப்பா, அந்த ஒரு வருஷம் அவள் வாய் மூடியதை யாரும் பார்த்ததில்லை.

எல்லாம் ஒரு வழியம்பலத்துக்காக. வழிப்போக்கர் தங்கிப்போக ராஜா காலத்தில் யாரோ கட்டிய கல்மண்டபம் அது. பன்னிரண்டு தூண், மேலே கற்பலகை பாவிய கூரை, முன்னால் படிகள். பக்கத்தில் ஒரு சுமைதாங்கிக் கல், ஒரு கிணறு. எந்த ராஜா, எந்தக் காலம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பின்சுவரில் ஒரு கல் முழுக்க எழுத்து வெட்டியிருந்தது. பாசி பிடித்துக் கறுத்துப் போனதால் அதை யாரும் படித்ததில்லை, படிக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. முதுகு அரித்தால் தேய்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அம்பலத்துக்கு எதிரே ஓலை வேய்ந்த சாயைக்கடை, அதாவது டீக்கடை, செல்லபாயுடையது. காலையில் புட்டும் பயறும், மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். பூவாரிலிருந்து மீன்கூடையோடு வருகிறவர்களும், வெள்ளறடைப் பக்கமிருந்து மரச்சீனி வண்டியோடு இறங்குகிறவர்களும் அவளிடம் வாங்கி அம்பலத்தில் உட்கார்ந்து தின்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு மிஷன் காலத்து வேதக்கோவிலில் பெண்கள் பக்கம் முதல் பாயில் உட்கார்ந்து, பாட்டை மற்றவர்கள் முடித்த பிறகும் இவள் தனியாக இழுத்து முடிப்பாள்.

காலமோ பொல்லாத காலம். திருவிதாங்கூர்-கொச்சியின் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம், விடவே மாட்டோம் என்று மறுபக்கம். ஐம்பத்து நாலு ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்து உயிர்கள் போயின. செல்லபாயின் புருஷன் சுந்தரதாஸ் போராட்டத்தில் இறங்கி ஜெயிலுக்குப் போய், பாதி உடம்பாகத் திரும்பி வந்தவர். அவருக்குத் தமிழ் என்றால் உயிர். செல்லபாய்க்கும் அப்படித்தான், கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கையில் காசு வாங்காமல் சாயை ஊற்றியவள் அவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிற்பாடு அவளைத் துரோகி என்று பேசிய வாய்கள் இருந்தன.

அந்த வருஷம் ஐப்பசித் துலா மழை விடாமல் அடித்தது. நெய்யாறு கலங்கிப் பெருகி, கரையைக் கரண்டியால் வழிப்பது போல வழித்துக்கொண்டு போயிற்று. வெள்ளம் வடிந்து பார்த்தால் அம்பலத்தின் தென்மேற்கு மூலைத்தூண் சாய்ந்து நிற்கிறது, மேலே இரண்டு கற்பலகைகள் வாய் பிளந்து கிடக்கின்றன, ஆற்றுக்கும் அம்பலத்துக்கும் நடுவே ஒரு ஆள் பாய் விரித்துப் படுக்கிற அளவுக்குத்தான் மண் மிச்சம். "இன்னொரு வெள்ளத்துக்கு இது நிக்காது" என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு மரச்சீனி தின்னப் போய்விட்டார்கள்.

செல்லபாயால் அப்படித் தின்ன முடியவில்லை. கார்த்திகையில் ஒருநாள் திருவனந்தபுரத்துச் சர்க்கார் ஜீப் ஒன்று பூவாருக்குப் போக அந்த வழியே வந்தது. இவள் அகப்பையும் கையுமாக ரோட்டின் நடுவே போய் நின்றாள். டிரைவர் அலறிப் பிரேக் போட்டான்.

"சாறே, வெள்ளம் கெடுத்தத பாக்கத்தானே போறிய? இதையும் ஒண்ணு பாத்திட்டுப் போங்க."

உள்ளே இருந்தவர் பெயர் சதாசிவன். பழைய கோயில், கோட்டை, மண்டபம் இவற்றையெல்லாம் பார்க்கிற ஆபீஸ்காரர். அப்படி ஒரு ஆபீஸ் இருப்பதே செல்லபாய்க்கு அன்றுதான் தெரியும். நல்ல மனுஷன், கோபப்படாமல் இறங்கி வந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார், கரையை எட்டிப் பார்த்தார், மலையாளம் கலந்த தமிழில் விவரம் சொன்னார். வெள்ளத்தில் கெட்டுப்போன பழைய இடங்களைச் சரிபண்ண சர்க்கார் சகாயம் உண்டு. அடுத்த மழைக்கு முன்னாலேயே கரையில் கல்கட்டு கட்டிக் காப்பாற்றவும் சகாயம் உண்டு. கல்லும் சுண்ணாம்பும் கொத்தனாரும் சர்க்கார் தரும். கல் சுமக்கிற கை மட்டும் ஊர்க்காரருடையதாக இருக்க வேண்டும்.

"பக்ஷே, இது பழையது தான்னு ஒரு தெளிவு வேணும். எழுத்து வல்லதும் உண்டோ?"

"உண்டு சாறே! ஒரு கல்லு முழுக்க உண்டு."

போய்ப் பார்த்தார். பாசியும் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் தவிர ஒன்றும் தெரியவில்லை. மழை வேறு தூற ஆரம்பித்தது. "தை மாசம் வராம். அதுக்குள்ளே எல்லாம் ஒண்ணு விருத்தியாக்கி வையுங்கோ" என்று சொல்லி, செல்லபாய் நீட்டிய சாயையைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

செல்லபாய்க்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடி, முற்றத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த சுந்தரதாசிடம் மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் பத்திரிகையை மடக்கி வைத்தார்.

"அந்த கவர்மெண்டுக்க கல்லு நமக்கு வேண்டாம். நம்ம ஆளுவள சுட்ட கவர்மெண்டாக்கும். இந்த மண்ணு தமிழ்நாட்டோட சேரட்டும். பொறவு நம்ம சர்க்கார் கட்டித் தரும்."

சரி, இவர்தான் இப்படி என்றால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரேஷன் கடை வைத்திருந்த வேலாயுதன் இன்னொரு மாதிரி. அவர் திருவனந்தபுரத்துப் பக்கம். அவர் சொன்னார்: "எல்லை எங்கோட்டுப் போகும்னு தெரியட்டும் செல்லபாயே. நாளைக்கு மெட்ராசுக்குப் போகப்போற மண்டபத்துக்கு நம்ம சர்க்கார் எதுக்குக் காசு களையணும்?"

சுந்தரதாசும் வேலாயுதனும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் மாதக்கணக்காயிற்று. சந்தையில் எதிரே வந்தால் ஒருவர் குடையை இந்தப் பக்கம் சாய்ப்பார், மற்றவர் அந்தப் பக்கம் சாய்ப்பார். அப்படிப்பட்ட இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அம்பலத்தை இப்போதைக்கு ஆற்றுக்கு விட்டுவிடலாம் என்பதுதான்! எல்லை தீரட்டும், எல்லை தீரட்டும். கோவிலில் கேட்டாலும் அதே பதில், சந்தையில் கேட்டாலும் அதே பதில்.

"எல்லை தீருதது வரைக்கும் ஆறு கைகட்டி நிக்குமா?" என்று நடுரோட்டில் நின்று கத்தினாள் செல்லபாய். "மழை எந்த ஸ்டேட்டுன்னு கேட்டுட்டா பெய்யுது?"

அன்று சாயங்காலம் சுந்தரதாசுக்கும் கோபம் தலைக்கேறிவிட்டது. சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார்.

"ஒனக்க அப்பன படி ஏற விடாத அம்பலமாக்கும் அது. அதுக்குப் போய் நீ ஒத்தக்கால்ல நிக்குத. இடிஞ்சு ஆத்தோட போகட்டு!"

செல்லபாய் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவர் சொன்னது பொய் இல்லை. அவளுடைய அப்பா ஈசாக் உப்புச் சுமடு சுமந்தவர். பூவாரிலிருந்து கிழக்கே போகும்போது இந்தக் கடவில்தான் இளைப்பாறுவார். சுமட்டைச் சுமைதாங்கிக் கல்லில் வைக்கலாம். படி ஏறக்கூடாது. அந்தக் காலத்தில் அவர்களுடைய ஆட்களுக்கு அம்பலத்தில் இடம் கிடையாது. மழை வந்தால் உப்பு நனைந்துவிடும் என்று உள்ளே இருக்கிற யாராவது மூட்டையை மட்டும் வாங்கி உள்ளே வைப்பார்கள். அவர் வெளியே நின்று நனைவார். சுமைக்கு இருந்த மரியாதை சுமந்தவனுக்கு இல்லை. சிறுபிள்ளையாக அப்பா கூட வந்த செல்லபாய் அதைப் பார்த்திருக்கிறாள். ஒரு சேம்பிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு, உள்ளே காய்ந்து உட்கார்ந்திருக்கிற மூட்டையை அவள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். பிறகு காலம் மாறியது, சட்டம் வந்தது, யாரும் ஏறலாம் என்றானது. அப்போது ஈசாக் உயிரோடு இல்லை.

"எனக்க அப்பன் ஏறல்ல" என்றாள் செல்லபாய். "நான் ஏறினேன். எனக்க பிள்ளையளு ஏறி ஓடி விளையாடுது. இப்பந்தான் நமக்கு அதில இருக்க ஒரு இடம் கெடச்சுது. அதுக்குள்ள ஆத்துக்குத் தூக்கிக் குடுக்கணுமா? ஏற விடாதவன் இருக்கும்போ அது நின்னுது. நாம ஏறின பொறவு அது விழணுமா? பதில் செல்லுங்க!"

சுந்தரதாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சர்க்கார் வேலையில் நம் ஆள் யாரும் கை வைப்பதில்லை என்று போராட்டக்காரர்கள் எடுத்திருந்த முடிவு அவர் கையெழுத்துப் போட்ட முடிவு.

தை மாதம் நெருங்கியது. சதாசிவன் சார் 'விருத்தியாக்கி வையுங்கோ' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் இல்லையா? விருத்தி என்றால் மலையாளத்தில் சுத்தம். சுத்தம் என்றால் அந்த நாட்டுப் பெண்களுக்கு ஒரே அர்த்தம்தான். ஸ்தோத்திரப் பண்டிகை வந்தால் கோவிலுக்கு வெள்ளையடிப்பார்கள். திருவிழா வந்தால் சாமி கும்பிடுகிற அம்பலத்துச் சுற்றுமதிலுக்கு வெள்ளையடிப்பார்கள். கல்யாணம் என்றால் வீட்டுக்கு, கல்லறைத் திருநாள் என்றால் கல்லறைக்கு. பெரிய ஆள் ஒருவர் வருகிறார் என்றால் அடிக்காமல் விடுவதா? செல்லபாய் சபைப் பெண்களைத் திரட்டினாள். வேலாயுதனின் பெண்சாதி விலாசினி, புருஷன் ரேஷன் அரிசி எடுக்க டவுனுக்குப் போன நேரம் பார்த்துத் தன் பக்கத்துப் பெண்களோடு வந்து சேர்ந்தாள்.

"செல்லபாய் சேச்சியே, ஞான் வந்ததை அவரோட பறயண்ட."

"நான் ஏன் செல்லுதேன்? அந்த மூலைக்குப் போய் அடி பிள்ளே."

பூவார்க் காயலில் வாரிய கக்காச் சிப்பியை நீற்றிய சுண்ணாம்பு, அதில் ஒரு பிடி நீலம். நசுக்கிய தென்னம்மட்டையை முக்கி முக்கி அடித்தார்கள். தூண், படி, சுவர், சுமைதாங்கி ஒன்றையும் விடவில்லை. கறுத்துப்போன அந்த எழுத்துக்கல் மட்டும் ஒரு பூச்சுக்கு மசியவில்லை. செல்லபாயே முன்னால் நின்று அதற்கு மூன்று பூச்சுப் பூசினாள். வேலை முடிந்து எட்ட நின்று பார்த்தார்கள். அம்பலம் பளபளவென்று நின்றது. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாக்கூடக் கொறை செல்ல முடியாது" என்று சொல்லிச் சிரித்தாள் செல்லபாய். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சதாசிவன் சார் சொன்னபடி வந்தார். ஜீப்பிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எந்தா இது? அய்யோ, எந்தா இது?"

"சுத்தமாக்கி வச்சிருக்கோம் சாறே" என்றாள் செல்லபாய் பெருமையாக.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு அம்பலத்தைச் சுற்றி வந்தார். பழைய கல்லுக்கு வெள்ளையடிக்கக் கூடாது, பாசியை மட்டும் எடுக்கத்தான் சொன்னேன் என்று பாவம், அழாத குறையாகச் சொன்னார். பின்சுவருக்கு வந்தார்.

"எழுத்து எவிடே?"

செல்லபாய் வெள்ளைவெளேரென்ற கல்லைக் காட்டினாள். "இதுக்குள்ள உண்டு சாறே."

ரேஷன் கடை வாசலில் வேலாயுதன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பக்கம் பலாமரத்தடியில் சுந்தரதாசும் சிரித்தார் என்று சொல்வார்கள். ஆண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் சிரிப்பு.

"அம்மா, காணாத எழுத்தை ஞான் கண்டேன்னு எப்படி எழுதுவேன்?" என்றார் சதாசிவன். "பூவார் போறேன். நாளை கழிஞ்சு இதே வழி திரும்புவேன். அதுக்குள்ளே எழுத்து தெரிஞ்சா நல்லது. இல்லெங்கில் இனி அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் அம்பலம் இருந்தால்தானே! ஜீப் போன பிறகு செல்லபாய் கடைக்குள் போய் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆறு செய்ய முடியாததை என் கையே செய்துவிட்டதே என்று அழுதாள். விலாசினி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் போனது. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு செல்லபாய் எழுந்தாள். சுண்ணாம்பு கலக்கிய செம்புப் பாத்திரம் மூலையில் கிடந்தது. அதை விளக்கி வைத்துவிட்டாவது வீட்டுக்குப் போகலாம் என்று பழக்கதோஷத்தில் ஒரு உருண்டைப் புளியை எடுத்துத் தேய்த்தாள். சுண்ணாம்பு நுரைத்துக்கொண்டு போயிற்று. அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், விலாசினியைப் பார்த்தாள்.

"எடீ விலாசினீ! ஒனக்க வீட்டுல புளி எவ்வளவு இருக்கும்?"

அவ்வளவுதான், ஊரில் ஒரு வீட்டுப் புளிப்பானை தப்பவில்லை. கரைத்த புளியும் தேங்காய்நாருமாகப் பெண்கள் அந்த ஒற்றைக் கல்லைச் சூழ்ந்துகொண்டார்கள். கைத்தோல் உரிந்தது, சுண்ணாம்பும் புளியும் பட்ட இடமெல்லாம் எரிந்தது. ஊர் ஆண்களுக்கு இரண்டு நாள் புளி இல்லாத மீன்கறி. சுந்தரதாஸ் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். "இது என்ன கறி, வெள்ளத்துல மீன் நீந்துதது மாதிரி?" ரோட்டுக்கு அப்பால் வேலாயுதனும் ஏறக்குறைய அதையே சொன்னதாக விலாசினி வந்து சொல்லிச் சிரித்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஜீப் சத்தம் கேட்டபோது கல்லின் மேற்பரப்பு மட்டும்தான் தெளிந்திருந்தது. எழுத்து வெட்டின பள்ளங்களுக்குள் இறங்கிய சுண்ணாம்பைத் தோண்டி எடுக்க நேரம் இல்லை. செல்லபாய் நாரும் கையுமாக, தோற்ற முகத்தோடு ஒதுங்கி நின்றாள். சதாசிவன் சார் வந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார்.

பாசி போய்க் கருங்கல் கறுப்பாகவே நின்றது. பள்ளத்தில் தங்கிய சுண்ணாம்பு எழுத்தெழுத்தாக வெள்ளையில் தெரிந்தது. கரும்பலகையில் வாத்தியார் எழுதிப்போட்ட மாதிரி, ஒரு வரி பாக்கியில்லாமல்! தேய்ந்து கிடந்த எழுத்து முன்னால் ஒருநாளும் இப்படித் தெரிந்ததில்லை.

"வேற ஒரு இடத்திலும் இப்படிச் செய்யக் கூடாது, கேட்டோ" என்று விரலை ஆட்டிக் கண்டித்தார் சதாசிவன். கண்டித்துக்கொண்டே சிரித்தார்.

அதற்குள் கடவில் கூட்டம் கூடிவிட்டது. சுந்தரதாசும் வந்தார், வேலாயுதனும் வந்தார். வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டார்கள்.

"பாத்தியளா, தமிழாக்கும்! நம்ம மண்ணுக்குச் சாட்சி!"

"எங்க தமிழு? ஒரு எழுத்து வாசியும் பாப்போம். இது பழைய மலையாளமாக்கும்."

"வட்டெழுத்து" என்றார் சதாசிவன் திரும்பிப் பார்க்காமல். "உங்க ரெண்டு பேரோட சண்டைக்கும் முந்தினது. கொஞ்சம் மிண்டாமல், சத்தம் போடாமல் நில்லுங்கோ."

விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, நிறுத்தி நிறுத்திப் படித்தார். வழி நடப்பவர்களுக்கு நிழலும் தண்ணீரும் உண்டாக இந்த அம்பலம் கட்டுவித்தது. கட்டுவித்தவர் பெயர் இருந்த இடம் சிதைந்து போயிருந்தது. இந்தத் தர்மத்துக்கு விட்ட நிலம் இன்னது. கடைசி வரிக்கு வந்து கொஞ்சம் நிதானித்தார். இதை அழியாமல் காத்தவருடைய பாதம் என் தலைமேல்.

செல்லபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆருக்க பாதம் சாறே?"

"இதைக் காப்பாற்றுகிற ஆளுடைய பாதம். அந்தப் பாதத்தைக் கட்டினவர் தன் தலையில் தாங்குகிறார்னு அர்த்தம்."

"எந்த ஆளானாலுமா? இன்ன ஜாதி, இன்ன கூட்டம்னு ஒண்ணும் எழுதலையா?"

அவர் மறுபடியும் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். "இல்லை. காத்தவர்னு மட்டும்தான்."

அவள் அந்த இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "எனக்க அப்பன் இந்தப் படியில கால் வைக்கக் கூடாதுன்னு வெளிய நிப்பாட்டினாவளே" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "கட்டினவன் அப்படிச் செல்லவே இல்லியே. நடுவில வந்தவனுவதான் செஞ்சிருக்கானுவ." சுந்தரதாஸ் தலையைக் குனிந்துகொண்டு ஆற்றைப் பார்த்தார்.

சகாயம் அனுமதியாயிற்று. சித்திரையில், சாய்ந்த தூணுக்குத் தற்காலிக முட்டுக் கொடுத்தார்கள். பிறகு கல்வண்டிகள் வந்து மேட்டில் கருங்கல்லைக் குவித்துவிட்டுப் போயின. நெய்யாற்றின்கரையிலிருந்து கொத்தனாரும் வந்து நூல் பிடித்தார். வைகாசிப் பாதியில் இறங்குகிற இடவப்பாதி மழைக்கு முன்னால் கரையில் கல்கட்டு எழும்பியாக வேண்டும். எல்லாம் சரி, கல் சுமக்க ஒரு ஆள் வரவில்லை! போராட்டக்காரர்களுக்குச் சர்க்கார் வேலை தீட்டு. எதிர்ப்பக்கத்தவர்களுக்கு எல்லை இன்னும் தீரவில்லை. செல்லபாயைச் சிலர் துரோகி என்றார்கள். சர்க்காருக்குச் சாயை ஊற்றியவள் என்றார்கள், ஜெயிலுக்குப் போனவன் பெண்சாதிக்கு இது அடுக்குமா என்றார்கள்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையைச் சாத்தினாள், முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தாள், கல்லை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கினாள். விலாசினி இந்தத் தடவை புருஷன் பார்க்கப் பார்க்கவே வந்தாள். இன்னும் சில பெண்கள் வந்தார்கள். ஆனால் பெரிய கற்கள் பெண்கள் தூக்குகிற கற்கள் இல்லை. அவை மேட்டில் அப்படியே கிடந்தன. கொத்தனார் வானத்தைப் பார்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சங்குமுகம் கடற்கரைப் பக்கம் மேகம் கறுக்க ஆரம்பித்திருந்தது.

ஒரு பெரிய கல்லை நெம்பிப் புரட்ட செல்லபாய் திணறிக்கொண்டிருந்தாள். அதன் மறுமுனையில் இரண்டு கைகள் வந்து பிடித்தன. நிமிர்ந்து பார்த்தால் சுந்தரதாஸ். கதர்ச்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். ஜெயிலில் மெலிந்த உடம்பு விலா எலும்பு தெரிய நின்றது. சுற்றிலும் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"கவர்மெண்டுக்காக இல்ல, கேட்டியா? ஒனக்க அப்பனுக்காகவாக்கும்."

"ஆருக்காகன்னு கல்லு கேக்காது. தூக்குங்க."

தூக்கினார். அவர் தூக்கியதைப் பார்த்து அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராகச் சரிவில் இறங்கினார்கள். சுந்தரதாசின் ஆட்கள் கட்டிய கல்கட்டு என்று நாளைக்குப் பேர் வந்துவிடுமே என்று வேலாயுதன் தன் ஆட்களை அனுப்பினார். கடைசியில் பொறுக்காமல் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். முனைக்கு ஒருவராக ஒரே கல்லைத் தூக்கும்போதும் சுந்தரதாசும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. "பைய, பைய" என்று மட்டும் சொன்னார்கள். கல்லைத் தூக்கும்போது அதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

கடைசி வரிசைக் கல்லுக்குச் சாந்து காய்ந்து கொஞ்ச நாளில் மழை இறங்கியது. நெய்யாறு முந்தின வருஷத்தைவிட உயர்ந்தது. செல்லபாய் குடையும் இல்லாமல் கல்கட்டின் மேல் போய் நின்று, ஏறி ஏறி வருகிற தண்ணீரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கல்லில் மோதியது, திரும்பியது, மறுபடியும் மோதியது. கரையில் ஒரு கைப்பிடி மண் போகவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்து வரத்தான் இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

மழை ஓய்ந்த பிறகு சாய்ந்த தூணையும் வாய் பிளந்த கற்பலகைகளையும் கொத்தனார் நேராக்கினார். ஐம்பத்தாறு நவம்பரில் எல்லையும் தீர்ந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா போகவில்லை. கோடு களியக்காவிளையைத் தாண்டி வராமல் நின்றுவிட்டது. மாவிளைக்கடவு கேரளத்தில் தங்கியது. அன்று காலை சுந்தரதாஸ் அம்பலத்துப் படியில் வந்து உட்கார்ந்தார். வேலாயுதன் கடை வாசலில் கொடி கட்டியிருந்தார்கள். செல்லபாயும் வீட்டில் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் கடை திறந்திருந்தாள். அவளுக்கு மட்டும் வலிக்காதா? ஜெயில் வாசலில் கைக்குழந்தையோடு காத்துக் கிடந்தவள் அவள்தானே.

"நம்ம தோத்தாச்சு செல்லபாயே" என்றார் சுந்தரதாஸ். "எத்தனை பேரு செத்தான். எல்லாம் வீணாப் போச்சு. கடைசியில இதும் அவனுவளுக்குத்தான் போச்சு."

செல்லபாய் சாயையை ஆற்றிக்கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. ரோட்டில் வந்துகொண்டிருந்த மீன்காரிகள் கூடையோடு ஓடிவந்து படி ஏறினார்கள். வயசான ஒரு வண்டிக்காரர் காளையை அவிழ்த்துவிட்டு ஏறினார். வேலாயுதன் கடைக்குச் சாமான் வாங்க வந்த இரண்டு பேரும் ஏறினார்கள். யார் என்ன பாஷை பேசினார்களோ, ஒருவரும் யாரையும் தடுக்கவில்லை. நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டு எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"இவியளுக்குத்தான் போச்சு" என்றாள் செல்லபாய். "கொஞ்சம் தள்ளி இருங்க, அந்தக் கெழவனுக்கு இடம் விடுங்க."

சுந்தரதாஸ் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.